இது எங்கள் வம்சத்துச் சாபமா?



குரோம்பேட்டையைச் சேர்ந்த ஒரு சகோதரிக்கு 42 வயதில் இரு சிறுநீரகங்களிலும் புற்றுக்கட்டி. தகப்பனாரும் அதே நோயால் மரித்தவர். “ஐயா, இது எங்கள் வம்சத்துச் சாபமா? மகளுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே சொல்லிவிடாதீர்கள்” என்று எங்களிடம் அழுதார்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இப்படித்தான் கேட்டார்கள் (யோவான் 9). ஆண்டவர் எவர்மேலும் பழி சுமத்தவில்லை.

சிறுநீரகப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. புகைபிடித்தல், உடல் பருமன், இரத்தக் கொதிப்பு ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் சில குடும்பங்களில் வி.எச்.எல். என்னும் மரபணு பழுதாயிருக்கிறது. 1993-ல் கண்டறியப்பட்ட இது, செல்கள் கட்டுமீறி வளராதபடி காக்கிறது. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நமக்கு இரண்டு உண்டு. ஒன்று பிறவியிலேயே பழுதாயிருந்து, மற்றதும் ஒரு செல்லில் கெட்டுப்போனால் அங்கே கட்டி தோன்றலாம். பழுதுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வந்துசேர 50 சதவீத வாய்ப்பு.

குடும்பத்தில் இந்தப் பழுது இன்னதென்று கண்டபின், பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்யலாம். பழுது இல்லையென்றால் அந்தப் பயம் நீங்கும். இருந்தால், குறித்த காலங்களில் ஸ்கேன் எடுத்து, கட்டி சிறிதாயிருக்கும்போதே அதைமட்டும் நீக்கிச் சிறுநீரகத்தைக் காக்க வழியுண்டு. மறைத்தால் மகளுக்கு அந்த வழி அடைபடும் என்று சகோதரியிடம் சொன்னோம். மகளை அழைத்துவரச் சம்மதித்திருக்கிறார்.

உங்கள் இரத்த உறவில் இருவருக்கு இந்நோய் வந்திருந்தால், அல்லது ஒருவருக்கு இளவயதில் வந்திருந்தால், மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இந்தத் தாயையும் மகளையும் ஜெபத்தில் தாங்குங்கள்.