ஏரி உடைந்ததா, படம் ஒட்டியதா?

கேள்வி: மழை பெய்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஏரி உடைந்த படம், சாலையில் முதலை என்று குவிகின்றன. எது நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், பிள்ளைப்பாக்கம்

பதில்: 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் மோடி வானிலிருந்து பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே நீரில் மூழ்கிய கட்டடங்கள் பளிச்செனத் தெரிந்தன. அசல் படத்தின் ஜன்னலிலோ மங்கலான காட்சிதான். இரண்டு படங்களை ஒட்டியது அம்பலமானதும் அது நீக்கப்பட்டது. ஆக, அனுப்பியவர் யாராக இருந்தாலும், படத்தின் ஒரு பகுதி மட்டும் தனியாகத் துலங்கினால் சந்தேகப்படுங்கள்.

நம்ப முடியாததெல்லாம் பொய்யும் அல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில், பெருங்களத்தூர் அருகே முதலை சாலையைக் கடந்த வீடியோ நிஜம். வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகுவே விளக்கம் தந்தார். வெள்ளச் சாலையில் நீந்தும் சுறாவோ சுத்தப் பொய். தென்னாப்பிரிக்கக் கடலில் எடுத்த படத்திலிருந்து வெட்டிய அந்தச் சுறா, 2011 முதல் புயலுக்குப் புயல் உலகம் சுற்றுகிறது.

பழைய படத்தைப் புதியதென்று அனுப்புவதுதான் அதிகம். கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். முன்பே வந்திருந்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். கடைப் பலகையின் மொழி, வண்டி நம்பர், பேருந்தின் நிறம் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

ஏரி உடைந்ததாகப் படம் வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் கேட்டுவிடுங்கள்.