சுவாமிநாதனின் மாம்பழக் கணக்கு

கேள்வி: பள்ளிக்கூடப் பின்னணியில் ஒரு நாவல் எழுதி வருகிறேன். கதாநாயகன் நல்ல பையன்தான். ஆயினும் படித்தவர்கள் அவனைப் பொம்மை என்கிறார்கள். என்ன குறை?

பதில்: நல்ல பையன் என்று தாங்கள் முந்திக்கொண்டு தீர்ப்புக் கூறிவிட்டதுதான் குறை என்று எனக்குத் தோன்றுகிறது. தாமஸ் ஹியூஸ் 1857-ல் வெளியிட்ட பிரசித்தி பெற்ற 'டாம் பிரவுன்' நாவலிலேகூட, ரக்பி பள்ளியில் சேட்டை செய்து திரியும் வரையில் ஜீவனோடு விளங்கும் டாம், நூலாசிரியரின் உபதேசத்துக்கு வாகனமாகிவிட்ட பிற்பகுதியில் சற்றே வெளிறிப்போக, கொடியவனான ஃபிளாஷ்மன் அல்லவோ நம் ஞாபகத்தில் தங்குகிறான்!

ஆர். கே. நாராயண் 1935-ல் எழுதி வெளியிட்ட 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலில், மாம்பழ விலையைக் கணக்கிடும்படி தகப்பனார் பணித்ததும், பழங்கள் கனிந்தவையா அல்லவா என்று தெரியாமல் விலையை எவ்விதம் நிர்ணயிப்பது என்று தவிக்கிறானே சுவாமிநாதன், அந்த ஒரு தவிப்பிலேயே அவனுடைய சுபாவம் முழுவதும் பிரத்தியட்சமாகிவிடுகிறது. அவன் வீரனல்லன்; முரடனான மணிக்கும் போலீஸ் அதிகாரியின் மகனான ராஜத்துக்கும் இடையே, அவர்களுடைய அபிப்பிராயத்துக்கு அஞ்சியே வாழ்பவன்; அதிகாரம் செய்வதெல்லாம் பாட்டியிடம் மட்டுமே. தகப்பனாரின் கோபத்தைக் காட்டிலும் சிநேகிதனின் மௌனமே அந்த வயதில் பெரிய தண்டனை என்பதை நாராயண் விளக்கிக்கொண்டிருப்பதில்லை, நமக்கே விளங்கிவிடுகிறது.

தங்கள் பையனை அடுத்த அத்தியாயத்தில் ஒரு பொய் சொல்ல விடுங்கள். அதற்காக அவனைத் தண்டிக்க மட்டும் அவசரப்பட வேண்டாம்.