மேல் 50 மில்லிமீட்டரில் இருக்கிறது உங்கள் சம்பளம்

சிங்கப்பெருமாள் கோயிலில் ரூம் எடுத்துத் தங்கி, காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் பிடித்து சைட்டுக்கு ஓடும் ஜூனியர் சிவில் இன்ஜினியரா நீங்கள்? உங்கள் போட்டியாளர் அதே பஸ்ஸில்தான் நிற்கிறார். பக்கத்துக் காட்டாங்குளத்தூரிலிருந்து மட்டுமே ஆண்டுக்கு ஒரு பேட்ச் வெளியே வருகிறது. எல்லோர் ரெஸ்யூமேயிலும் ஆட்டோகேட் உண்டு, ஸ்டாட் ப்ரோ உண்டு. கியூப் டெஸ்ட் எல்லோருக்கும் அத்துப்படி. கான்கிரீட்டின் ஸ்ட்ரென்த் பற்றிப் பேச ஆள் நிறைய. எத்தனை வருஷம் தாங்கும் என்று பேசத்தான் ஆள் இல்லை. அந்தக் காலி இடத்தில் போய் உட்காருங்கள்.

வீட்டு கான்கிரீட் பெரும்பாலும் மேல்தோலில்தான் கெட ஆரம்பிக்கும். கம்பிக்கு வெளியே இருக்கும் அந்த 50 மி.மீ.யைக் காப்பாற்றத் தெரிந்தவர் என்று பெயர் வாங்க என்ன செய்யலாம்?

1. டிராயிங் கைக்கு வந்ததும் ‘எக்ஸ்போஷர் கண்டிஷன்’ என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கடல் கிழக்கே 20 கி.மீ.க்கு மேல். ஆனால் இங்கே வில்லா கட்டும் அதே ஆபீஸ் மாமல்லபுரத்தில் பீச் ஹவுஸும் எடுக்கும். பழைய டிராயிங்கின் நோட்ஸ் அப்படியே காப்பி-பேஸ்ட் ஆகி வரும். ஐ.எஸ். 456:2000 கடலோரத்தை ‘சிவியர்’ என்கிறது: குறைந்தது எம்30, ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், வாட்டர்-சிமென்ட் ரேஷியோ 0.45-க்கு மேல் கூடாது, கவர் 45 மி.மீ. அலைச் சாரல் நேராக அடிக்கும் இடம் ‘வெரி சிவியர்’: எம்35, 340 கிலோ, 50 மி.மீ. ‘மைல்டு’க்கான 20 மி.மீ. கவரோடு ஈ.சி.ஆர். டிராயிங் வந்தால் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்டுக்கு ஒரு மெயில் போடுங்கள். சந்தேகம் கேட்கிற தொனி போதும். ஃபோனில் மட்டும் கேட்டு விடாதீர்கள். நாளைக்கு நீங்கள் கேட்டதற்கு ஆதாரமே இருக்காது.

2. கவர் பிளாக்தான் உங்கள் முக்கிய ஆயுதம். கடலோரத்துப் பழைய வீடுகளின் சன்ஷேடை அடியிலிருந்து பாருங்கள். விளிம்பை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு ஓடும். அதன் மேல் சுத்தியலால் லேசாகத் தட்டினால் ‘டொக்’ என்று பொள்ளல் சத்தம் கேட்கும். உப்பு கம்பி வரை போய்விட்டது என்று அர்த்தம். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும்; இடம் இல்லாவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இத்தனைக்கும் காரணம், ஊற்றிய அன்று யாரோ கவர் பிளாக்குக்குப் பதில் ஒரு ஜல்லியைச் சொருகியதாக இருக்கலாம்.

பால்கனியில் இன்னொரு ஆபத்து உண்டு. அங்கே மெயின் கம்பி மேலே ஓடும். பம்ப் ஹோஸ் பிடிக்கிறவர் அதன் மேல் நடந்தால் கம்பி கீழே அமுங்கும். அப்புறம் கவரும் போச்சு, ஸ்ட்ரென்தும் போச்சு. ‘சேர்’ கம்பி போதுமான அளவு இருக்கிறதா என்று ஊற்றுவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். மேஸ்திரியிடம் கோட் புக்கை நீட்டாதீர்கள். “அண்ணே, அஞ்சு நிமிஷம். பிளாக்கைச் சொருகிட்டு ஊத்திடலாம்” என்றால் வேலை நடக்கும். அவருக்கு 30 வருஷ அனுபவம். உங்களுக்கு வேலை நடக்க வேண்டும், வாதத்தில் ஜெயிக்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியானதும், சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே டேப்பை வைத்து, தேதி தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ. இதை ஒவ்வொரு காஸ்டிங்கிலும் எடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

3. தண்ணீர். கடலோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. டேங்கர் தண்ணீரும் நல்ல தண்ணீர் என்று எழுதி ஒட்டியிருக்காது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பாக்கெட்டில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த டி.டி.எஸ்.ஸே 500-க்குக் கீழே என்றால் குளோரைடு பற்றிய கவலை இல்லை. மேலே போனால் லேபுக்கு அனுப்புங்கள். க்யூரிங் தண்ணீருக்கும் இதே கண்டிப்பு. ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் ‘ரெண்டு பக்கெட் ஊத்துங்க சார், ஓடும்’ என்பார்கள். கூடாது. ஸ்லம்ப் போதவில்லை என்றால் பிளான்ட் க்யூ.சி.க்கு ஃபோன் செய்து, அட்மிக்சர் டோஸ் கேளுங்கள்.

4. ஃபினிஷிங், க்யூரிங். கான்கிரீட்டின் மேல் கசிந்து நிற்கும் தண்ணீர் வற்றுவதற்குள் சிமென்ட் தூவி நீவினால் மேல்தோல் பலவீனமாகும்; கொஞ்ச நாளில் பொரிந்து கிளம்பும். பொறுக்கச் சொல்லுங்கள். பி.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும். 14 நாள் வைப்பது நல்லது. மொட்டை மாடிக்குப் பாத்தி கட்டுகிறவர்கள் தூணுக்கும் சன்ஷேடு விளிம்புக்கும் சாக்கு சுற்ற மறந்துவிடுவார்கள். கடல் காற்று முதலில் காய வைப்பது அந்த இடங்களைத்தான்.

5. இந்த ஸ்கில்லுக்கு வெளிநாட்டிலும் மார்க்கெட் உண்டு. டொராண்டோவில் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் கான்கிரீட் தளம் குளிர்காலத்தில் பலமுறை உறைந்து உருகும். தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் விரியும். போதாக்குறைக்குப் பனி உருக உப்பும் தூவுவார்கள். மேல்தோல் செதில் செதிலாக உரியும். கனடாவின் சி.எஸ்.ஏ. ஏ23.1 இதற்கு ‘சி-2’ வகை கான்கிரீட் கேட்கிறது: 32 மெகாபாஸ்கல், வாட்டர்-சிமென்ட் ரேஷியோ 0.45-க்குள், கூடவே நுண்ணிய காற்றுக் குமிழிகள், வழக்கமான 20 மி.மீ. ஜல்லிக்கு 5 முதல் 8 சதவீதம். உறையும் தண்ணீருக்கு ஒதுங்க இடம் வேண்டுமே, அதற்கு. நமக்குப் புதிதாக வருவது அந்தக் குமிழி மட்டும்தான். 0.45-ம் தெரியும், அவசரமாக நீவக் கூடாது, ஈரம் காயக் கூடாது என்பதும் தெரியும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையும் உப்பு, உறையும் தண்ணீரைப் போலத்தான் அரிக்கிறது: நுண்துளைக்குள் போய்ப் படிகமாகி உள்ளிருந்து தள்ளும். இன்டர்வியூவில் ‘ஃப்ரீஸ்-தா பார்த்ததே இல்லையே’ என்று மடக்கினால், இந்த உதாரணத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ‘பி.இங்.’ என்ற இன்ஜினியர் லைசென்ஸுக்கு 48 மாத அனுபவம் காட்ட வேண்டும். முன்பு அதில் 12 மாதம் கனடாவிலேயே வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2023 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். ஈ.சி.ஆர். சைட்டில் நீங்கள் பார்த்த வேலையையும் முன்வைக்கலாம், பதிவு இருந்தால். டேப் வைத்து எடுத்த ஃபோட்டோ, கன்சல்டன்டுக்குப் போட்ட மெயில், லேப் ரிப்போர்ட், டெலிவரி சலான், கியூப் ரிசல்ட் எல்லாவற்றையும் காஸ்டிங் தேதி வாரியாக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். கிளையன்டின் பெயரும் முகவரியும் தெரியாதபடி மறைத்துவிட்டு, ஒரு காப்பியை ஆபீஸ் லேப்டாப்புக்கு வெளியே வையுங்கள். அடுத்த அப்ரைசலுக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து தேடினால் கிடைக்காது.