சிண்ட்ரெல்லாவுக்கு எத்தனை செருப்பு?

கேள்வி: நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே தேவதைக் கதையின் பல நாட்டு வடிவங்களை ஒப்பிடக் கற்றுத்தர ஆசை. எங்கே தொடங்கலாம்?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை

பதில்: சிண்ட்ரெல்லாவில் தொடங்குங்கள். ஆனால் பெயரைச் சொல்லாதீர்கள். முதலில் சீனத்து யே ஷியன் கதை. மாற்றாந்தாயிடம் வதைபடும் பெண், அவள் வளர்த்த மீன், அதைக் கொன்று தின்றுவிடும் மாற்றாந்தாய், கேட்டதைத் தரும் மீன் முள், விழாவில் தொலையும் பொற்செருப்பு. செருப்பு வந்ததுமே, "டீச்சர், இது சிண்ட்ரெல்லா!" என்று யாராவது கத்துவார்கள். பாடம் அங்கேதான் ஆரம்பம்.

பிறகு ஒரே கேள்வி போதும்: அவளுக்கு உதவியது யார்? பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதியதில் தேவதை. பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் அவர் கதையில் வருபவை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களிடம் தேவதையே கிடையாது. தாயின் கல்லறையில் வளர்ந்த மரமும் பறவைகளும்தான் உதவுகின்றன. அதில் மாற்றாந்தாயின் மகள்கள் செருப்புக்காகக் கால்விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்வார்கள். மறைக்காதீர்கள்; பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்!

'எது அசல்?' என்று கேட்பார்கள். பெரோவின் நூல் 1697-இல் வந்தது. யே ஷியன் கதை 9-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் முந்தையது என்பதாலேயே அசல் ஆகிவிடாது. ஒரு கதையை வைத்து 'சீனர்கள் இப்படித்தான்' என்று முடிவுகட்டவும் விடாதீர்கள்.

கதைகளை ஒப்பிட்டு அட்டவணை போடுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். வகுப்பில் யார் முதலில் "சிண்ட்ரெல்லா!" என்று கத்தினார்கள் என எனக்கு எழுதுங்கள்.