இங்கேயும் கர்த்தர் இருந்தார்

வேத பகுதி: ஆதியாகமம் 28:10-22



வீடு சந்திக்கப் போகும்போது விசுவாசிகள் என்னிடம் அடிக்கடி சொல்லும் ஒரு பாரம் உண்டு. "பாஸ்டர், ஞாயித்துக்கிழமை ஆராதனையில தேவ பிரசன்னத்தை நல்லா உணர்றோம். கண்ணீர் வருது, அந்நிய பாஷை பேசுறோம். திங்கட்கிழமை குடத்தோட தண்ணிக்கு நிக்கும்போது ஒண்ணுமே தெரியல. கர்த்தர் எங்களை விட்டுட்டாரோ?" இதை லேசாக எண்ணக்கூடாது. இப்படி நினைத்தே பலர் ஜெபத்தில் சோர்ந்து, பின்வாங்கியும் போகிறார்கள். வேதம் என்ன சொல்கிறது, பார்ப்போம்.

1. உணராதபோதும் அவர் இருக்கிறார்

யாக்கோபு பெயெர்செபாவை விட்டு ஆரானுக்குப் போகிறான். அண்ணன் ஏசாவின் கோபத்துக்குப் பயந்து ஓடுகிற ஓட்டம். பொழுது சாய்ந்ததும், லூஸ் என்ற ஊரருகே ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தான். அங்கே பலிபீடம் இல்லை, பாட்டு இல்லை, ஊழியக்காரர் இல்லை. ஆனால் கர்த்தர் இருந்தார்! விழித்த பிறகுதான் அதை அறிந்து பயந்தான். நம்முடைய உணர்வு அவரைக் கொண்டுவருவதும் இல்லை. உணர்வு இல்லாமை அவரைத் துரத்துவதும் இல்லை.

2. கஷ்டத்தின் நடுவிலும் இருக்கிறார்

பெத்தேலுக்குப் பின் எல்லாம் சுகமாயிற்றா? இல்லையே! லாபானிடத்தில் 20 வருஷம் உழைத்தான். சம்பளம் 10 முறை மாற்றப்பட்டது. பகலில் வெயில், இரவில் குளிர், கண்ணுக்குத் தூக்கமில்லை (ஆதி. 31:7, 38-41). வானத்தை எட்டும் ஏணியை மறுபடியும் கண்டதாக எழுதப்படவில்லை. தினமும் ஆடு மேய்க்கிற வேலைதான். ஆனாலும் புறப்படும் வேளையில் திரும்பிப் பார்த்து, தன் தகப்பனுடைய தேவன் தன்னோடு இருந்தார் என்று ராகேலிடமும் லேயாளிடமும் சாட்சி சொன்னான் (31:5). லாபான் மாறவில்லை; ஆனால் அவன் தீங்கு செய்யத் தேவன் இடங்கொடுக்கவில்லை. சம்பளம் குறைத்துக் கொடுக்கும் முதலாளியிடம் வேலை செய்கிற சகோதரனே, உன் கர்த்தர் அந்த வேலை ஸ்தலத்திலும் இருக்கிறார்.

3. வசனத்தின் வெளிச்சத்தில் அவரை அறிகிறோம்

எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்கள் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரமுள்ள வழியிலே உயிர்த்த இயேசுவோடு நடந்தும் அவரை அறியவில்லை. பந்தியிலே அவர் அப்பத்தைப் பிட்டபோது கண்கள் திறந்தன. வழியிலே வசனத்தை விளக்கியபோது இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததை அதன் பிறகுதான் நினைத்தார்கள் (லூக்கா 24:30-32). ஆகவே மனசுல தோணுறதெல்லாம் தேவசத்தம் என்று எடுத்துக்கொள்ளாதிருங்கள். வசனத்தை வைத்துச் சோதியுங்கள். அதே சமயம் பாருங்கள், கண் திறந்த இடம் சாப்பாட்டுப் பந்தி! 1691ல் மரித்த சகோதரன் லாரன்ஸ், பாரீஸ் பட்டணத்து மடமொன்றின் சமையலறையில் வேலை செய்தவர். முழங்காலில் நிற்கும்போது போலவே பாத்திரச் சத்தத்தின் நடுவிலும் தேவனோடு சஞ்சரித்ததாகச் சாட்சி சொன்னார். அடுப்படியில் நிற்கும் சகோதரியே, உனக்கும் இது கூடும்.

நாம் செய்ய வேண்டியது

லோத்தின் மனைவி விட்டுவந்ததை நாடிப் பின்னிட்டுப் பார்த்தாள். நாமோ, நடத்தினவரைக் காணத் திரும்பிப் பார்ப்போம். இன்று இரவு குடும்ப ஜெபத்தில் 10 நிமிஷம் ஒதுக்குங்கள். இன்னைக்கு எந்த ஆபத்துக்கு என்னை விலக்கினார்? கோபம் வந்தபோது எப்படி என் வாயைக் காத்தார்? யார் மூலமாக என் தேவையைச் சந்தித்தார்? எந்த வசனத்தைப் பரிசுத்த ஆவியானவர் நினைப்பூட்டினார் (யோவான் 14:26)? பிள்ளைகளையும் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம் செலுத்துங்கள்.

சில நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம். சோர்ந்துபோகாதிருங்கள். கைவிடாதவர் என்ற வாக்குத்தத்தம் அன்றைக்கும் மாறாது (எபிரெயர் 13:5). யாக்கோபு அந்தச் சாட்சியைச் சொல்ல 20 வருஷம் ஆயிற்று; கர்த்தரோ முதல் நாளிலிருந்தே அவனோடு இருந்தார்.

கர்த்தர்தாமே நம் மனக்கண்களைத் திறப்பாராக. ஆமென்.