ட்ரோனும் ஜி.பி.எஸ்.ஸும்: பேரனோடு நான் கற்ற பாடம்

சென்ற குளிர்காலத்தில், காட்டோல் பக்கம் ஒரு நண்பரின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேரன் தன் புது ட்ரோனைக் கொண்டு வந்திருந்தான். எடை 249 கிராம். தகரக் கொட்டகையின் ஓரத்தில் வைத்து, சுவிட்சைப் போட்ட கையோடு மேலே கிளப்பிவிட்டான். சிறிது நேரம் நன்றாகவே பறந்தது. பிறகு மரங்களுக்கு அப்பால் போய் மறைந்துவிட்டது. பையன் தடுமாறவே, "வீடு திரும்பும் பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கு" என்றேன். சொன்னவன் நான்தான் என்பதால்தான் இந்தக் கட்டுரையையும் எழுதுகிறேன்.

ட்ரோன் திரும்பி வந்தது. ஆனால் கொட்டகைக்கு வரவில்லை. அறுபது எழுபது அடி தள்ளி, பெண்கள் உட்கார்ந்து பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்த இடத்தில் இறங்கியது. ஓர் அம்மாள் அதைத் தள்ளிவிடக் கையை ஓங்கினார். விசிறி பட்டு விரலில் இரண்டு தையல் போடும்படி ஆயிற்று. "நான் என்ன தாத்தா செய்வது? ஜி.பி.எஸ். தானே கொண்டு வந்தது" என்றான் பேரன்.

ஜி.பி.எஸ். என்ன செய்தது என்று பார்ப்போம். பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நீளம், அகலம், உயரம் என்று மூன்று. கருவியின் மலிவான கடிகாரத்தில் உள்ள பிழை நான்காவது. ஆகவே குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது தேவை. ஒளி வேகத்தில் வரும் செய்தி என்பதால், மைக்ரோசெகண்டில் ஒன்று தவறினாலும் 300 மீட்டர் தவறும்! ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தைச் சொல்லி முடிக்கவே அரை நிமிடம் ஆகிறது. தகரமும் கட்டிடமும் பக்கத்தில் இருந்தால், நேராக வரும் செய்தியோடு பட்டுத் தெறித்து வருவதும் கலந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை சகஜம். உயரத்தில் பிழை இன்னும் அதிகம். அதனால்தான் ட்ரோன் உயரத்துக்குக் காற்றழுத்தமானியை நம்புகிறது.

எங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். கிளம்பும்போது போதிய செயற்கைக்கோள்கள் கிடைக்கவில்லை. கொட்டகையைத் தாண்டி வானம் திறந்த பிறகே கிடைத்தன. அந்தக் கணத்தில் எங்கே இருந்ததோ அதையே 'வீடு' என்று எழுதி வைத்துக்கொண்டது. கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஜி.பி.எஸ்.ஸுக்கு எப்படித் தெரியும்?

சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் இருந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். வட இந்தியாவில் மூடுபனிக் காலத்தில் இன்ஜினில் ஜி.பி.எஸ். கருவி ஒன்று வைக்கிறார்கள். அடுத்த சிக்னல் இத்தனை மீட்டரில் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும். அது சிவப்பா பச்சையா என்று சொல்லாது. அதைப் பார்க்க வேண்டியவர் டிரைவர்தான். சிவப்பைத் தாண்டிவிட்டு, கருவி சொல்லவில்லை என்று விசாரணையில் நின்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இன்னொன்று. ஒரே இடத்தில் நிற்கும் ட்ரோன் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை ஜி.பி.எஸ். சொல்லாது, அதற்குத் திசைகாட்டி வேண்டும். இரும்பு மூடி, கம்பி நிறைந்த மொட்டை மாடி, தண்டவாளம் எல்லாம் திசைகாட்டியைக் குழப்பும். திசை தவறினால், நிலையாக நிற்க முயன்று முயன்றே ட்ரோன் வட்டமடிக்கத் தொடங்கும்.

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரையுள்ள வகைக்குப் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. பச்சைப் பகுதியில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். சான்றிதழ் கேட்காததை, பொறுப்பும் கேட்கவில்லை என்று நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் சங்க விழாக்களிலேயே கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடுவதைப் பார்த்து, நானும் ஒரு காலத்தில் கைதட்டியவன்தான்.

இப்போது பேரன் திறந்த வெளியில் வைத்து, 'வீடு' பதிவான அறிவிப்பு வந்து, வரைபடத்தில் அந்தப் புள்ளி காலடியில்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளப்புகிறான். திரும்பி வரும் உயரத்தைச் சுற்றிலும் உள்ள மிக உயர்ந்த மரத்துக்கும் மின்கம்பிக்கும் மேலே வைக்கிறான். கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டுவதில்லை. பொத்தானை அமுக்கினாலும் விரலை எடுப்பதில்லை. பாதியில் ரத்து செய்து கையால் இறக்கவும் பழகிவிட்டான்.

அந்த அம்மாளின் விரல் ஆறிவிட்டது. வைத்தியச் செலவையும் வேலை போன நாட்களின் கூலியையும் கொடுத்தோம். போன மாதம் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனபோது, இன்று பழம் பிரிப்பது எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டுத்தான் பேரன் பெட்டியைத் திறந்தான்.