ஊர் அடங்கக் காத்திருக்க வேண்டாம்

திருகோணமலையின் சீனன்குடாப் பக்கத்தில் தியானம் என்று பேச்செடுத்தாலே, 'இந்தச் சத்தத்துக்குள்ள எப்படி இருக்கிறது?' என்ற மறுமொழிதான் முதலில் வரும். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் கிளம்புகின்றன, மா ஆலைக்கு லொறிகள் போய்வருகின்றன, கோச்சி ஊரைக் கடக்கும்போது கூவாமல் போவதில்லை. காடோ ஆச்சிரமமோ வாய்த்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பென்சன் எடுத்த பிறகு பார்க்கலாம் என்று பலர் ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். இந்தச் சத்தங்களுக்கு நடுவே பழகிவந்ததை வைத்துச் சொல்கிறேன்: ஊர் அடங்கினால்தான் மனம் அடங்கும் என்பது சரியல்ல.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சித்தர் செல்லப்பா சுவாமி இருந்தது நல்லூர்த் தேரடியில். திருவிழாக் காலத்தில் அந்த வீதியின் சந்தடியைப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட இடம் என்று தெரியும். அவருடைய சீடர் யோகர் சுவாமி (1872–1964) கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டவர். கணக்கும் சாமானும் ஆட்களுமாகக் கழிகிற உத்தியோகம் அது. பின்னர் அவர் அமர்ந்ததும் குகையில் அல்ல, கொழும்புத்துறையில் தெருவோரத்து இலுப்பை மரத்தடியில். இருவரும் சத்தத்தைத் தேடிப் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. சத்தம் அவர்களைத் தடுக்கவில்லை.

இரவுக் கோச்சியின் கூவலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி காதில் விழுவது சில விநாடிதான். 'இதில் ஏறினால் விடிய மகனைப் பார்க்கலாம், போன மாதமும் வரவில்லை, அனுப்புகிறேன் என்ற காசும் வரவில்லை' என்று அதன் பின்னால் வருகிற நினைப்புத்தான் நீளம். கோச்சி கந்தளாயைத் தாண்டிய பிறகும் நாம் மகனோடு வாதாடிக்கொண்டிருப்போம். ஆகவே ஒலியோடு மல்லுக்கட்டாமல், அது வந்து போக விடுங்கள். மூக்கு நுனியில் மூச்சு உரசும் இடத்தைக் கவனித்து, வெளிமூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள். தவறினால் மறுபடி ஒன்று. 'தவறிவிட்டதே' என்று நொந்துகொள்வதும் இன்னொரு நினைப்புத்தான். எண்ணுக்குப் பதில் சிவனின் ஐந்தெழுத்தையும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதுவே இணக்கம். யாரை நோக்கி இருக்கிறோம் என்பதை நாமம் மறக்கவிடாது. மூச்சை இழுக்க, அடக்க, விடத் திருமூலர் சொல்லும் 16, 64, 32 மாத்திரைக் கணக்கைப் புத்தகம் பார்த்துத் தனியே தொடங்க வேண்டாம். அது குருவிடம் கேட்டுச் செய்யவேண்டியது.

தியானத்துக்குத் தனித்த, தூய இடம் வேண்டும் என்று கீதையே சொல்கிறதே எனலாம். உண்மை. அப்படியோர் இடம் கிடைத்தால் விடவேண்டாம். ஆனால் கிடைக்காததைச் சாட்டாக்கக் கூடாது. 2010இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வேர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம், அன்றாட வேலைகளுக்கு நடுவே கைத்தொலைபேசி வழியாகக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்ட நேரங்களில் ஏறத்தாழ 47 சதவீதம், அவர்களின் மனம் செய்கிற காரியத்தில் இல்லை. செய்கிற காரியம் எது என்பதும் அந்த அலைச்சலைப் பெரிதாக மாற்றவில்லை. அமைதியான அறைக்குப் போனாலும் கூடவே வருவது இதே மனந்தான்.

ஒரு மறுப்பை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். போரைக் கண்ட மண் இது. விமானச் சத்தம் சிலருக்கு வெறும் சத்தம் அல்ல. கண்ணை மூடியதும் பழையதெல்லாம் மேலெழும். அவர்களிடம் 'பொறுத்துக்கொண்டு இரு' என்பது கொடுமை. கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம், இருப்பதை விட்டு மெல்ல நடக்கலாம், நெஞ்சு படபடத்தால் அன்றைக்கு நிறுத்திவிடலாம். தொடர்ந்து வாட்டினால் மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. பக்தியில் குறை என்று யாரும் அதைப் பேசவேண்டாம்.

மற்றவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலை, தேநீருக்கு முன்னால், வீட்டில் எந்த மூலை இருக்கிறதோ அங்கே முதுகை நிமிர்த்திக் கால் மணி நேரம் இருங்கள்.